கொட்டியாரக் குடாவின் தீக்காவல்: சம்பூரை மையமாகக் கொண்ட ஒரு நோக்கு

தீக்காவல் என்னும் தொடரை விரித்துப் பொருள் கொள்ளுமிடத்து ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. தீயினின்றும் காத்தல் என ஐந்தாம் வேற்றுமைத் தொகையாக அதனை விரிக்கலாம். தீயைக் காத்தல் என இரண்டாம் வேற்றுமைத் தொகையாகவும் விரிக்கலாம். தீயாற் காத்தல் என மூன்றாம் வேற்றுமை உருபேற்றி விரிப்பினும் வழுவின்று. இஃது இலக்கண ஆசிரியரின் வகுப்பறை விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் இம்மூன்று விரிவுக்கும் உரிய மாந்தர் ஒரே நீர்ப்பரப்பின் கரைகளில் வாழ்ந்த இடம் ஒன்று உண்டு. அதுவே திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடா. அக்குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரில் நின்று, தீக்காவலர் என்போர் யாவர், அவர் செய்யும் பணியின் இயல்பு யாது என்பவற்றை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

சம்பூர் மூதூர்ப் பிரிவைச் சேர்ந்த பழைய ஊர். வடக்கே குடாவின் நீர்ப்பரப்பும் அதற்கப்பால் திருகோணமலைத் துறைமுகமும், துறைமுகத்தின் மேற்குப்புறத்தே சீனக்குடாவும் உள்ளன. ஊரின் வடகிழக்கில், குடா பெருங்கடலோடு கலக்குமிடத்தில், ஆங்கிலேயர் தம் கடல்வரைபடங்களிற் 'பவுல் பொயின்ற்' எனக் குறித்த முனை உள்ளது. ஏனைய பக்கங்களில் வயலும் பற்றைக்காடும் விரவிக் கிடக்கின்றன. அயலூர்ப் பெயர்களிற் சில ஈண்டு நோக்கத்தக்கன. கடற்கரைச்சேனை என்பது ஒன்று. சேனையூர் என்பது மற்றொன்று. காட்டை எரித்துப் பயிர் செய்த நிலங்களே ஊர்களாயின என்பதை இப்பெயர்கள் தாமே உரைக்கின்றன. தீயாற் பிறந்த ஊர்கள் எனினும் பொருந்தும்.

சேனைப் பயிர்ச்செய்கையின் முறை யாவரும் அறிந்ததே. காட்டுத் துண்டொன்றை வெட்டி வீழ்த்தி, வெயிலிற் காயவிட்டு, மாரி மழைக்கு முன் எரித்து, அச்சாம்பல் நிலத்திற் குரக்கன், சோளன், பயறு, பூசணி முதலியவற்றை இட்டு, ஒன்றிரண்டு போகம் எடுத்தபின் நிலத்தை மீண்டும் காட்டுக்கே விட்டுவிடுவர். திருகோணமலைப் பகுதி தன் மழையின் பெரும்பங்கினை ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரையிற் பெறுவது. அதற்கு முந்திய மாதங்களிற் கச்சான் என்னும் மேல்காற்று வறண்டு வீசும். எனவே வெட்டிய காடு நன்கு காயும் காலமும், காற்று மிகுந்து தீ கைமீறும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே எரிக்கும் நாளைத் தெரிந்தெடுப்பதிலேயே சேனைக்காரனின் முதற் காவல் தொடங்குகின்றது.

எரிக்கும் முறையினைச் சற்று விரித்துரைத்தல் தகும். அதனுட் பொதிந்துள்ள அறிவு பலராலும் கவனிக்கப்படுவதில்லை. வெட்டிய நிலத்தைச் சுற்றிச் சருகு நீக்கி, மண் தெரியும்படி ஒரு பாதையைச் செதுக்கிக்கொள்வர். பின்னர்க் காற்று எப்புறம் நோக்கி வீசுகின்றதோ அப்புறத்து ஓரத்தில் முதலிற் பற்றவைப்பர். அத்தீ காற்றை எதிர்த்தே உள்நோக்கி நகரவேண்டியிருத்தலின் மெல்ல நகரும், சுடர் தாழ்ந்திருக்கும். அவ்வோரம் கருகி ஓர் அகன்ற வெற்றிடம் உண்டான பின்னரே காற்று வரும் புறத்திற் பற்றவைப்பர். இப்பொழுது தீ காற்றோடு விரைந்து வந்தாலும், எதிரே எரிதற்கு எதுவுமின்றித் தானே அடங்கும். இவ்வளவு செய்தும் பச்சைக் குழையுடன் ஓரத்திற் சிலர் நிற்பர். தெறித்து வீழும் பொறியை அடித்து அணைப்பது அவர் பணி. தீ அடங்கியபின்னும் காவல் முடிவதில்லை. அடிக்கட்டையும் வேரும் சாம்பலின் கீழ் நாட்கணக்கிற் கனன்றுகொண்டிருக்கும். மறுநாளோ மூன்றாம் நாளோ எழும் ஒரு காற்று போதும். அணைந்தது எனக் கருதப்பட்ட தீ அயற்காட்டிற் புகுந்துவிடும்.

பயிர் வளர்ந்தபின் நிலைமை மாறுகின்றது. அதுவரை தீயினின்றும் காத்தவன் இப்போது தீயாற் காக்கின்றான். யானையும் பன்றியும் வாராதிருக்கும் பொருட்டுப் பரணமைத்து, அதன் கீழும் சேனையின் மூலைகளிலும் கட்டை மூட்டி, இரா முழுவதும் அதனை அணையவிடாது பேணுகின்றான். ஆகவே நாம் தொடக்கத்திற் கூறிய மூன்று வேற்றுமைப் பொருள்களும் ஒரே மனிதனிடத்து, ஒரே ஆண்டின் வெவ்வேறு பருவங்களில், சில இரவுகளில் ஒருங்கேயும், பொருந்தி நிற்கின்றன.

இக்காவலன் தமிழிலக்கியத்திற்குப் புதியவனல்லன். சங்கச் செய்யுள்களில் வரும் தினைப்புனத்துப் பரண் இதணம் எனவும் கழுது எனவும் வழங்கப்பட்டது. பகலிற் கிளி கடியும் மகளிரையே பலரும் நினைவிற் கொள்வர். இரவில் அதே புனத்தைக் காத்த கானவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. காதல் அங்கே நிகழாமையாற் போலும்! குறுந்தொகையின் 150ஆம் செய்யுளில் அத்தகைய காவலன் ஒருவன் வருகின்றான். உயரத்தே பரணில் இருப்பவனாதலின் அவன் சேணோன் எனப்படுகின்றான். அவன் மூட்டிய நறும்புகைக் கொள்ளிகள் மலைச்சாரலில் ஆங்காங்கே விண்மீன்கள் போன்று தோன்றுதலை அச்செய்யுள் காட்டுகின்றது. அக்கொள்ளிக்கு அங்கு வழங்கும் பெயர் ஞெகிழி.

இச்சொல்லை நாம் வேறோரிடத்தும் காண்கின்றோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் வருணிக்கப்படுகின்றது. அங்கே ஏணி சார்த்திய, ஏறுதற்கரிய உயரமுடைய, கூரை வேயாத மாடமொன்றில் இரவிற் கொளுத்தி வைக்கப்பட்ட ஞெகிழியானது கடலில் ஓடும் கலங்களைத் துறைக்கு அழைத்தது. புனங்காவலன் கையிலிருந்த கொள்ளியும் கடற்றுறை மாடத்தின் விளக்கும் பழந்தமிழர் வாயில் ஒரே பெயரின என்பது தற்செயலானது எனத் தள்ளிவிடத்தக்கதன்று. இரண்டும் உயரத்தில் ஏறி ஒருவன் பேணிய தீ. ஒன்று விலங்கை விலக்கியது; மற்றொன்று கலத்தை அழைத்தது. கலங்கரை என்னும் தொடரிலுள்ள கரைதல் அழைத்தலைக் குறிப்பதென்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

சம்பூருக்கு வடகிழக்கேயுள்ள முனையில் அத்தகைய தீ 1863இல் ஏற்றப்பட்டது. ஏறத்தாழ 32 மீற்றர் உயரமான வட்டக் கற்கோபுரம் அங்கு எழுந்தது. துறைமுகத்தின் வாயிலையடுத்த வட்டத்தீவு விளக்கும் அதே ஆண்டைச் சேர்ந்ததே. கலங்கரை விளக்கம் என்பது ஏட்டுத் தமிழ்; எம்மவர் நாவில் அது வெளிச்சவீடு. சொல் எளியதாயினும் நுட்பமுடையது. விளக்கு என்னாது வீடு என்றமையால், அங்கே ஒருவர் குடியிருக்கின்றார் என்பது சொல்லிலேயே அமைந்துவிட்டது.

மின்விளக்கும் தானியங்கிப் பொறியும் வருமுன்னர் வெளிச்சவீட்டுக் காவலாளரின் இரவு எவ்வாறு கழிந்திருக்கும் என்பதை அக்கால விளக்கின் அமைப்பைக் கொண்டே அறியலாம். எண்ணெயை மேலே சுமந்தேற்றுதல், திரியைக் கத்தரித்துச் சீராக்குதல், கண்ணாடி வில்லைகளிற் படியும் கரியையும் உப்பையும் துடைத்தல், விளக்குச் சுழல்வதாயின் அதனை இயக்கும் பாரத்தைக் குறித்த வேளைதோறும் மேலே சுற்றியேற்றுதல், யாவற்றையும் நாட்குறிப்பிற் பதிதல் என்பன அப்பணிகள். பிரெஞ்சு அறிஞர் பிரெனல் 1820களில் உருவாக்கிய வில்லை அமைப்பே சிறு சுடரின் ஒளியைத் திரட்டிப் பல மைல் தூரம் எறிய உதவியது. சுடர் அணையின் வில்லையால் யாது பயன்? ஆயின் மாலுமிக்கு அணைந்த விளக்கிலும் அஞ்சத்தக்கது பிறிதொன்று உண்டு. அது பொய்யான விளக்கு. கரையில் எரியும் சேனைத்தீயொன்று, மேகம் மூடிய இரவில், வெளிச்சவீடு எனத் தவறாகக் கொள்ளப்படுமாயின் கலம் பாறையில் ஏறும். இதன்பொருட்டே ஒவ்வொரு வெளிச்சவீட்டுக்கும் தனித்த ஒளியியல்பு வகுக்கப்பட்டது. நிலையாக எரிவதும், குறித்த கணக்கில் மின்னி மறைவதும் அதன் கையொப்பம் போன்றவை.

எமது ஆய்வின் மையக் கருத்து இவ்விடத்தே தெளிவுறுகின்றது. தீக்காவலர் என்போர் தீயைக் காண்பவர் எனப் பொதுவிற் கருதப்படுகின்றது. தீயைக் காணல் அரிதன்று; கண்ணுடையார் யாவரும் காண்பர். அரியது ஒரு தீயினின்று மற்றொரு தீயைப் பிரித்தறிதல். சம்பூர்க் கரையில் நின்று நோக்கும் ஒருவன் கண்ணில் வறட்சிக்காலத்து ஒரே நாளிற் பல புகைகள் படலாம். சேனைப்புகை, தேனெடுப்போர் மூட்டிய புகை, கரி சுடுவோர் புகை, அறுவடை முடிந்த வயலின் வைக்கோற்புகை என அவை பலவாகும். ஈரக்குழை எரியும்போது புகை வெளுத்துத் தடித்திருக்கும். காய்ந்த புல் எரியும்போது மெலிந்து விரைந்தோடும். எண்ணெய் எரியின் கருந்தூணாக எழும். காலையில் நேரே எழுந்த புகை பிற்பகற் காற்றிற் சாயும். இவற்றுடன், எவர் எந்த நாளிற் சேனை எரிப்பதாக இருந்தனர் என்னும் ஊர்ச்செய்தியும் சேர்ந்தாலன்றித் தீர்ப்புக் கிடையாது. கண்டதையெல்லாம் கூவியறிவிக்கும் காவலனை ஊரார் மூன்றாம் நாள் நம்பமாட்டார்கள். நம்பப்படாத காவலன் இல்லாத காவலனே.

நகரங்களின் தீக்காவலையும் சிறிது நோக்கல் வேண்டும். உரோமாபுரியில் அகஸ்டஸ் பேரரசன் கி.பி. 6இல் இரவுக்காவற் படையணிகள் ஏழினை அமைத்தான். தீயை நோக்குவதும் அணைப்பதும் அவற்றின் தலையாய கடன். இசுத்தான்புல் நகரில் 1828இல் எழுந்த பெயாசித் கோபுரம் தீ நோக்குதற்கென்றே கட்டப்பட்டது. மரவீடுகள் நெருங்கிய எதோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், கோபுரத்து மணி தீயின் தொலைவைச் சொல்லியது: தொலைவிலாயின் விட்டுவிட்டு ஒலிக்கும், அண்மையிலாயின் இடைவிடாது ஒலிக்கும். ஓலியினாலேயே தீயின் இடத்தையும் அவசரத்தையும் உணர்த்திய இம்முறையை நாம் வியக்கின்றோம். எம் பண்டை நூல்களில், மதுரைக்காஞ்சி கூறும் நள்ளிரவு ஊர்காப்பாளர் கள்வரை நோக்கியே விழித்திருந்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் போர்கள் தீக்காவலுக்குப் புதிய பொருளைக் கொடுத்தன. 1914 செப்டெம்பர் 22ஆம் நாளிரவு எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியபோது நகரின் விளக்குகள் அணைக்கப்படாதிருந்தன. உயர்நீதிமன்ற மாடத்திலிருந்த கலங்கரை விளக்கமும் வழமைபோல ஒளிர்ந்தது. நண்பரை அழைக்கும் தீ பகைவரையும் அழைத்தது. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டு, பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகள் தீப்பற்றின. சென்னைவாசிகள் அஞ்சி ஊர்களுக்கு ஓடினர். எம்டன் என்னும் பெயர் தமிழில் வல்லாளனையும் சூழ்ச்சிக்காரனையும் குறிக்கும் சொல்லாக நிலைத்தது அன்றுதொட்டேயாம்.

இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மாநகர் கண்ட அனுபவம் வேறு. அங்கு வீசப்பட்டவற்றுட் பெருந்தொகையானவை ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுடைய சிறு தீக்குண்டுகள். மகனீசியக் கலவையாலான அவை கூரையைத் துளைத்து, மேன்மாடத்திற் கிடந்து எரியும். முதற் சில நிமிடங்களில் ஒரு வாளி மணலும் ஒரு கைப்பம்பும் கொண்டு அதனை அடக்கிவிடலாம். கால்மணி நேரம் கடந்தால் தீயணைப்புப் படை முழுவதும் வந்தாலும் கட்டடம் தப்பாது. 1940 டிசெம்பர் 29ஆம் நாளிரவு நகரின் நடுப்பகுதி பற்றியெரிந்தமைக்கு ஒரு காரணம், அது விடுமுறையை அடுத்த ஞாயிற்றுக்கிழமையாதலின், பூட்டிய அலுவலகங்களின் கூரைகளில் நோக்குவார் எவருமின்மையே. நடுவே நின்ற புனித பவுல் பேராலயம் தப்பியது. அதன் கூரைகளில் தன்னார்வக் காவலர் அணியொன்று இரவுதோறும் விழித்திருந்தது. இதனைக் கண்டபின்னரே பிரித்தானிய அரசு தீநோக்குதலைக் குடிமக்கள் பலருக்கும் கட்டாயக் கடமையாக்கியது.

அடுத்த ஈராண்டிற்குள் போர் எம் குடாவுக்கும் வந்தது. 1942 ஏப்பிரில் 4ஆம் நாள், கனேடிய விமானியான லெனாட் பேர்ச்சல் இலங்கைக்குத் தெற்கே கடலின்மீது பறந்து, நெருங்கிவந்த யப்பானியக் கப்பற்படையைக் கண்டார். தம் விமானம் சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தியை அனுப்பிவிட்டார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. செய்தி முன்னரே வந்திருந்தும், தாக்க வந்த விமானங்கள் நகரின் தலைமேல் வரும்வரை அங்கே எச்சரிக்கை கிட்டவில்லை. 9ஆம் நாள் காலையில் திருகோணமலைக்கு அந்நிலை நேரவில்லை. எலிசபெத் முனையிலிருந்த ராடார் நிலையம் ஏறத்தாழ 90 மைலுக்கு அப்பாலேயே விமானக் கூட்டத்தை உணர்ந்தது. சீனக்குடாவிலிருந்து போர்விமானங்கள் முன்கூட்டியே மேலெழுந்தன. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பலவும் முதல்நாளிரவே கடலுக்கு அனுப்பப்பட்டிருந்தன. ஆயினும் அவ்வாறு அனுப்பப்பட்ட விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிசு மட்டக்களப்புக்கு அப்பாற் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. அதில் 300 பேருக்கு மேல் மாண்டனர். காவல் நன்கு நடந்த நாளிலும் இழப்பு நேரும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் தீக்கள் மூண்டன. சகாயிங் என்னும் சரக்குக் கப்பல் குண்டுபட்டுத் தீப்பற்றிக் கைவிடப்பட்டது. பின்னர் அங்கேயே அமிழ்த்தப்பட்ட அதனை இலங்கைக் கடற்படையினர் 2018இல் மேலே கொணர்ந்தனர். சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்று பற்றியது. யப்பானிய விமானமொன்று அதன்மீது மோதியதென்றும், தீ ஏழு நாட்கள் எரிந்ததென்றும் கூறுவர். குடாவின் தென்கரையில் வாழ்ந்தோர்க்கு அக்கரும்புகை மறைந்திருக்க வழியில்லை.

அத்தாங்கிகளின் அமைப்பு ஈண்டு விளக்கத்தக்கது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திற் பிரித்தானியர் கட்டத்தொடங்கிய அவற்றுள் 99 இன்றும் எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் 10,000 தொன்னுக்குக் குறையாத எண்ணெய் கொள்ளத்தக்கது. அவற்றை அடுத்தடுத்து நிரையாக வையாது, காட்டினுள் இடைவெளிவிட்டு மரங்களின் மறைவிற் சிதறி அமைத்தனர். மேலிருந்து நோக்கும் பகைவருக்கு மறைத்தல் ஒரு நோக்கம். ஒன்று எரியின் மற்றொன்றைப் பற்றாதிருத்தல் இன்னொரு நோக்கம். ஏனெனில் பெருந்தாங்கியில் மூண்ட எண்ணெய்த் தீயை நீரூற்றி அணைத்தல் இயலாது. எண்ணெயினும் நீர் கனமாதலின் அடியிற் சென்று தங்கும். எரியும் எண்ணெயின் வெப்பம் சிறிது சிறிதாகக் கீழிறங்கி அந்நீரைத் தொட்டவுடன், நீர் ஒருங்கே ஆவியாகி, மேலிருக்கும் எண்ணெயனைத்தையும் தீயோடு வெளியே வீசியெறியும். ஆகவே இத்தகைய தீயில் அயற்றாங்கிகளைக் குளிர்வித்து, கரையைப் பேணி, எரிவது எரிந்து தீரும்வரை காத்திருத்தலே பெரும்பாலும் செய்யத்தக்கது. 1942இல் ஒரு தாங்கியோடு தீ நின்றமைக்கு அவ்விடைவெளியே பெரிதும் உதவியிருக்கும் என்பது எமது கருத்து. சேனைக்காரன் செதுக்கிய மண்பாதையும் பிரித்தானியப் பொறியியலாளர் விட்ட இடைவெளியும் ஒரே அறிவின் இரு வடிவங்களே.

போருக்குப் பிந்திய காலத்திற் காட்டுத்தீ நோக்கும் பணி வேறு திசையில் வளர்ந்துள்ளது. அமெரிக்காவில் 1910 ஓகத்து மாதத்தில் ஐடகோ, மொன்ரானாப் பகுதிகளில் இரண்டே நாட்களில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் காடு எரிந்தது. அதன் விளைவாக மலையுச்சிகளிற் காவற்கோபுரங்கள் பெருகின. இரு கோபுரங்களிலிருந்து ஒரே புகையின் திசைகளைக் குறித்து, வரைபடத்தில் அவ்விரு கோடுகளும் வெட்டுமிடத்தைத் தீயின் இடமாகக் கொள்வது அவர் முறை. இக்கோபுரங்களின் பணியை இன்று பெரிதும் செயற்கைக்கோள்கள் ஏற்றுள்ளன. இந்திய வன ஆய்வகம் 2004 முதல் அவற்றின்வழித் தீ எச்சரிக்கைகளை மாநிலங்களுக்கு அனுப்பிவருகின்றது. இவற்றின் பயன் மறுக்கத்தக்கதன்று. மனிதக்காலடி படாத சரிவுகளையும் அவை நோக்குகின்றன. ஆயின் அவற்றின் எல்லையையும் அறிதல் வேண்டும். இப்பணிக்குப் பெரிதும் பயன்படும் கருவியொன்றின் கண்ணுக்கு நிலம் 375 மீற்றர்ச் சதுரங்களாகவே தெரியும். ஒரு நாளிற் சில வேளைகளிலேயே அது ஓரிடத்தைக் கடக்கும். முகில் மூடின் காணாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெப்பத்தைக் காணும் அக்கருவி சேனைத்தீக்கும் காட்டுத்தீக்கும் வேற்றுமை அறியாது. அவ்வேற்றுமையை அறிவிக்க இன்னும் ஒரு மனிதன் நடந்தே செல்லவேண்டியுள்ளது.

அம்மனிதன் யாவன்? தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகிய மாநிலங்களின் மலைக்காடுகளில் அவன் பெரும்பாலும் பழங்குடியினன். வறட்சி மாதங்களுக்கு மட்டும் நாட்கூலிக்கு அமர்த்தப்படுபவன். வேனில் தொடங்குமுன் தீத்தடுப்புக் கோடுகளை வெட்டித் துப்புரவாக்குவதும், உயர்ந்த பாறைகளிலிருந்து நோக்குவதும், தீ எழுந்தவிடத்துப் பச்சைக்கிளை கொண்டு அடித்தணைப்பதும் அவன் தொழில். மழை வந்ததும் வேலை முடிந்துவிடும். 2018 மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் மேற்கொண்டோர் தீயிற் சிக்கி 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அச்செய்தி தமிழுலகெங்கும் பேசப்பட்டது. 2020 பெப்பிரவரி 16ஆம் நாள் கேரளத்துத் திருச்சூர் மாவட்டத்தின் கொற்றம்பத்தூரில் தீயணைக்கச் சென்ற வனக்காவற் பணியாளர் மூவர் கருகி இறந்தனர். இச்செய்தி அத்துணைப் பேசப்படவில்லை. தீயின் போக்கை நன்கறிந்தவரே அதன் வாயில் நிறுத்தப்படுகின்றனர்; அவரது அறிவுக்குக் கொடுக்கப்படும் விலை ஒரு நாட்கூலி. இதனை ஆய்வாளர் என்ற முறையிற் பதிவதோடு அமையாது, முறையற்றது எனவும் நாம் கருதுகின்றோம்.

மீண்டும் சம்பூருக்கு வருவோம். 2006 ஏப்பிரில் மாதத்தில் மூதூர் கிழக்கிற் குண்டுவீச்சும் எறிகணை வீச்சும் தொடங்கியபோது சம்பூர் மக்கள் வெளியேறினர். அவ்வாண்டு செப்டெம்பரில் ஊர் அரச படையினர் வசமாயிற்று. அடுத்த ஆண்டில் அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அனல்மின்னிலையம் ஒன்றுக்கும் நிலம் ஒதுக்கப்பட்டது. மக்களோ மட்டக்களப்பிலும், கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முதலிய இடங்களின் முகாம்களிலும் காலங்கழித்தனர். 2015இலேயே மீள்குடியேற்றம் தொடங்கிற்று. அனல்மின்னிலையத் திட்டம் 2016இற் கைவிடப்பட்டது. 2025 ஏப்பிரில் 5ஆம் நாள் சூரிய மின்னிலையம் ஒன்றின் பணி அங்கே தொடக்கிவைக்கப்பட்டது. வெளிச்சவீடும் போர்க்காலத்திற் காவலாளரற்றுப் போயிற்று.

ஏறத்தாழ ஒன்பதாண்டு என்பது நில அளவையாளரின் ஏட்டில் ஒரு வரி. தீக்காவல் நோக்கில் அது பெரிய இடைவெளி. மனிதர் புழங்காத நிலத்திற் பற்றை வளர்ந்து மண்பாதை மறையும். வயலுக்கும் காட்டுக்கும் இடையே இருந்த எல்லை அழியும். எரிபொருள் ஆண்டுக்காண்டு தரையிற் குவியும். தந்தையோடு பரணேறிப் பழகவேண்டிய வயதில் இருந்த பிள்ளைகள் முகாமின் தகரக் கூரையின் கீழ் வளர்ந்தனர். எப்புறத்து ஓரத்தில் முதலிற் பற்றவைப்பது, எந்தப் புகையை நம்பலாம், எந்தப் புகைக்கு ஓடவேண்டும் என்பவை ஏட்டிற் படித்தறியும் கல்வியல்ல. அவை ஓர் இடத்தில் ஆண்டுகள் பல தங்கியிருத்தலாற் கண்ணிற் படிபவை. இடம்பெயர்வின் இழப்புகளைக் கணக்கிட்டோர் வீடு, கிணறு, மாடு, தோணி ஆகியவற்றை எண்ணியுள்ளனர். இவ்வறிவை எண்ணுவதற்கு அவர்களிடம் நிரல் இருந்திலது.

குடாவின் எதிர்க்கரையிலோ எண்ணெய்த் தாங்கிகள் மீண்டும் பயன்பாட்டுக்கு வருகின்றன. 2022 சனவரியில் ஆன உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்திடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இவ்விரண்டும் இணைந்த நிறுவனத்திடமும் உள்ளன. அவற்றுட் பலவற்றைச் சுற்றி எட்டுத் தசாப்தங்களாகக் காடு வளர்ந்து நிற்கின்றது. அன்று மறைவாகப் பயன்பட்ட மரமும் புல்லும் கச்சான் காலத்தில் எரிபொருளேயாம். நிறுவனங்கள் தத்தம் வேலிக்குள் கருவிகளும் காவலரும் வைத்திருப்பர். வேலிக்கு வெளியே, குடாவைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்வோரைத் தீக்காவலின் பங்காளராகக் கருதும் ஏற்பாடு எவ்வகையில் அமையவேண்டும் என்பதே ஆராயத்தக்கது. வறட்சி தொடங்குமுன் சேனை எரிக்கும் நாட்களை ஊர்தோறும் கேட்டுப் பதிந்துகொள்ளுதல், கண்டறிந்து கூறுவோரின் பெயர்ப்பட்டியல் ஒன்றைப் பிரதேச செயலகத்திற் பேணுதல், அவர்க்கு ஆண்டு முழுவதற்கும் ஒரு படி வழங்குதல் ஆகியவை பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம் என்பதைப் பலரும் அறிவர். நள்ளிரவிற் சம்பூர்க் கரையில் நின்று வடமேற்கே ஒரு கரும்புகையைக் காணும் முதியவர் அவ்விலக்கத்தை அழைப்பாராயின், அவர் சொல்வதைத் தமிழிற் கேட்டு, அது வைக்கோற்புகை அன்று என்னும் அவரது சொல்லை நம்பி, அடுத்தவருக்கு உடனே அறிவிக்கத்தக்க ஒருவர் மறுமுனையில் இருத்தல் வேண்டும்.